வரப்பைக் கருக்கினால் புகையான் போகுமா?

கேள்வி: நட்டு 60 நாளான நெல். தூரில் சாறு உறிஞ்சும் புகையான் என்ற தத்துப்பூச்சிக்கு இரண்டு முறை டெல்டாமெத்ரின் அடித்தேன். மூன்றாவது, கடைக்காரர் கலந்து கொடுத்தது. அப்படியும் வட்ட வட்டமாகக் காய்கிறது, பயமாக இருக்கிறது. பூச்சி புல்லில் ஒளிந்திருக்கும் என்றார்கள். வரப்பெல்லாம் களைக்கொல்லி அடித்துவிட்டேன். வேலிப் புதரையும் வெட்டிவிடலாமா? அடுத்து எந்த மருந்து அடிக்க?

பதில்: வேலியில் அரிவாள் வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தண்ணீரை வடித்துவிட்டு, பயிரை விலக்கி அடித்தூரைப் பாருங்கள். சிலந்தியே இல்லையென்றால் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு, அதாவது ஓரிடத்தில் நட்ட கொத்துக்கு, ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி. அதைத் தாண்டினால்தான் மருந்து. அடிப்பதானால் பைமெட்ரோசின், அட்டையில் போட்டிருக்கும் அளவில், தூரில் படும்படி. கலவை வேண்டாம். யூரியா போதும், நிறுத்துங்கள்.

சரி, மூன்று முறை அடித்த பிறகு பூச்சி ஏன் கூடியது? அதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். டெல்டாமெத்ரின் முதலில் தீர்ப்பது சிலந்தியையும், புகையான் முட்டையை உறிஞ்சித் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும். முட்டைகளோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவை பொரித்து வரும்போது வயலில் எதிரி இல்லை. இது புதுச் செய்தி அல்ல. இதற்காகத்தான் இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. கலந்து கொடுத்தவர் உங்கள் தூரைக் குனிந்து பார்த்தாரா? டப்பா விற்பது அவர் தொழில். நீங்கள் அதை வைத்தியமாக எடுத்துக்கொண்டீர்கள்.

இனி வரப்பு. நான் எதற்கெடுத்தாலும் வரப்புக்கு வந்துவிடுகிறேன் என்று கேலி செய்வார்கள், செய்யட்டும். புகையானுக்கு நெல்தான் சாப்பாடு, வரப்புப் புல் அல்ல. அந்தப் புல்லில் இருப்பவை பெரும்பாலும் நெல்லைத் தொடாத வேறு தத்துப்பூச்சிகள். அவற்றின் முட்டையில்தான் அனாக்ரஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத குளவி பெருகி, பிறகு உங்கள் வயலில் புகையான் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிறது. அதற்குத் தேன் வேண்டும். வரப்பில் எள் பூத்தால் அந்தக் குளவியும் மிரிட் பூச்சியும் அதிக நாள் உயிரோடு இருக்கின்றன. பல நாட்டு நெல் வயல்களில் சோதித்துப் பார்த்த விஷயம் இது. நீங்கள் கருக்கியது அந்தப் பட்டாளத்தின் சமையலறையை. வேலிப் புதர், அறுவடைக்குப் பிறகு சிலந்திகள் ஒதுங்கும் இடம்.

குட்டையோரம் காட்டு நெல் இருந்தால் அதையும் களை என்று பிடுங்காதீர்கள். இதே புகையான் பரப்பும் புல்குட்டை வைரஸ் நோய்க்கு எதிர்ப்பு தேடி 6000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். கடைசியில் அது கிடைத்தது ஒரிசா நிவாரா என்ற காட்டு நெல்லில். அறுத்த வயலில் தானாக முளைக்கும் நெல்லும், அறுத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்பும் வேறு கதை. அங்கேதான் புகையான் தங்கும், உழுதுவிடுங்கள்.

அடுத்த நடவில் 8 அடிக்கு ஓர் அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுங்கள், வரப்பில் எள் தூவுங்கள். மிச்சமிருக்கும் களைக்கொல்லியைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். வாங்க மாட்டார், ஆனாலும் கேளுங்கள்.