இல்லாத ஊருக்கு இசை

கேள்வி: கற்பனை உலகம் ஒன்றை வைத்து நாவல் எழுதுகிறேன். அந்த உலகத்தின் உப்புப் பாலைவனம், மூழ்கிய நகரம், மூடுபனித் துறைமுகம் பற்றியெல்லாம் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய ஓர் இசையமைப்பாளர் அதில் வருகிறார். 'கேட்டவர் கண்முன் நகரம் விரிந்தது' என்பதைத் தாண்டி அவர் இசையைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த வரியை அடித்துவிடுங்கள். இருபது வருடம் ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ வாசித்தவன் நான். எந்த இசையிலும் எனக்கு நகரம் தெரிந்ததில்லை. அங்கே எப்படி நடப்பது, எப்படி மூச்சு விடுவது என்பதுதான் தெரிந்திருக்கிறது.

ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினாஃப் 1909-இல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய 'இறந்தோர் தீவு' பாக்லின் என்ற ஓவியரின் கற்பனையில் பிறந்த தீவைப் பற்றியது. ராக்மானினாஃபைத் தூண்டியதும் அந்த ஓவியத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதிதான். ஆனால் இசை தொடங்குவது படகில். எட்டில் ஐந்து தாளம், நம் கண்ட நடை மாதிரி. இரண்டும் மூன்றும், மூன்றும் இரண்டும் என்று பிரிவு மாறிக்கொண்டே இருப்பதால் துடுப்புப் போடுவது போலவே இருக்கும். முதல் ஒத்திகையில் ஐந்து ஐந்தாக எண்ணிக்கொண்டே வாசித்தேன். சில பக்கங்களுக்குப் பிறகு எண்ணுவது நின்றுபோய், தோள் தானாக ஆடத் தொடங்கியது. தீவு எப்படி இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் துறைமுகத்துக்கு யார் வருகிறார், எதில் வருகிறார் என்று முடிவு செய்யுங்கள். தாளம் அதிலிருந்து பிறக்கும்.

அப்புறம், எந்த வாத்தியம் வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் 'துவோனெலாவின் அன்னம்' அந்நாட்டுப் பழங்கதையில் வரும் இறந்தோர் நாட்டைப் பற்றியது. அதில் புல்லாங்குழல் கிடையாது, டிரம்பெட் கிடையாது. வெளிச்சம் வரக்கூடிய வழிகளை எல்லாம் அடைத்துவிட்டு, இங்கிலீஷ் ஹார்ன் என்ற ஒரு குழலைத் தனியாக அந்தக் கறுப்பு ஆற்றில் மிதக்கவிட்டிருக்கிறார். உங்கள் உப்புப் பாலைவனத்தில் என்ன இருக்காது? அந்த ஒலியை எடுத்துவிடுங்கள்.

உங்கள் உலகத்தில் வயலின் இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள். மரம் இல்லாத நாட்டில் அது எப்படி வரும்? தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளையும் சொல்லும்போது மரம், பறவையோடு பறையையும் யாழையும் சேர்த்தே வைக்கிறது. வாத்தியமும் அந்த மண்ணில் விளைவதுதான் என்கிறது. இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது.

மூழ்கிய நகரம் என்றதும் மணியோசை எழுதத் தோன்றும். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி 1910-இலேயே, மூழ்கிய தேவாலயத்தின் மணியைப் பியானோவில் அடித்துக் காட்டிவிட்டார். நீங்கள் வேறு வழி பாருங்கள். ஒத்திகைக் காட்சி ஒன்று எழுதலாம். குழல் வாசிப்பவர் எழுந்து நின்று, "ஐயா, இந்தப் பகுதியில் மூச்சு எடுக்க எங்கேயும் இடம் விடவில்லையே" என்கிறார். உங்கள் இசையமைப்பாளர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும், வாசியுங்கள்" என்கிறார்.