சத்தம் தாங்காத காதுக்கு நியூரோஃபீட்பேக்: போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கொஞ்ச காலமாகவே சத்தம் தாங்க முடிவதில்லை. பாத்திரங்கள் மோதிக்கொண்டால், யாராவது நாற்காலியை இழுத்தால், குழந்தை வீறிட்டால் காதுக்குள் ஊசியால் குத்துவது போல வலிக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, கேட்கும் திறன் நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்குள்ளேயே காதடைப்பான் போட்டுக்கொண்டுதான் நடமாடுகிறேன். மூளை அலைகளைப் பழக்கினால் இது சரியாகிவிடும் என்று ஒரு நியூரோஃபீட்பேக் மையத்தில் சொல்கிறார்கள். 40 அமர்வுகளாம், மொத்தப் பணத்தையும் முன்பே கட்ட வேண்டுமாம். போகலாமா மேடம்? (ஒரு வாசகி)

பதில்: போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் அதுவல்ல. முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டுவது கண்டிப்பாக வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு 'ஒன்றுமில்லை' என்பது சரியல்ல. வழக்கமான கேட்புப் பரிசோதனை எவ்வளவு சின்னச் சத்தம் வரை உங்களுக்குக் கேட்கிறது என்றுதான் அளக்கும், எந்தச் சத்தத்துக்கு மேல் தாங்கவில்லை என்று அளக்காது. அதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய் 'போதும்' என்று நீங்கள் சொல்லும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 100 டெசிபலை ஒட்டி வரும், ஹைபர்அக்யூசிஸ் என்ற சத்தம் தாங்காமை உள்ளவர்களுக்கு அதற்கு வெகு முன்பே வந்துவிடும். இதைச் செய்யச் சொல்லி ஓர் ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேட்புத்திறன் நிபுணர்) கேளுங்கள். ரொம்ப மெல்லிய சத்தத்திலிருந்து தொடங்கவும், உரத்த ஒலி கொடுத்துச் செய்யும் ரிஃப்ளெக்ஸ் பரிசோதனையை இப்போதைக்கு விட்டுவிடவும் சொல்லுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு, தயங்காதீர்கள்.

சத்தம் தாங்காமை என்பது ஒரே நோயும் அல்ல. எந்த உரத்த சத்தமும் அளவுக்கு மீறிப் பெரிதாகவோ வலியாகவோ படுவது ஒரு வகை, ஹைபர்அக்யூசிஸ் என்பது இதைத்தான், உங்கள் கடிதத்தைப் படித்தால் அதுதான் போலிருக்கிறது. மெல்லுவது, மூச்சு விடுவது மாதிரி குறிப்பிட்ட சில சத்தங்கள் மட்டும் கோபத்தையும் அருவருப்பையும் கிளப்புவது மிசோஃபோனியா. சத்தம் வந்துவிடுமோ என்ற பயமே வாழ்க்கையைப் பிடித்துக்கொள்வது வேறு. இவை ஒருவரிடமே கலந்தும் வரும். பின்னணியில் ஒற்றைத் தலைவலி இருக்கலாம், தலையில் பட்ட அடி இருக்கலாம், முகவாதம் இருக்கலாம் (முக நரம்பு செயலிழந்தால் நடுக்காதில் உரத்த ஒலியை அடக்கும் குட்டித் தசையும் சேர்ந்து செயலிழக்கும்), தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதுகூடக் காரணமாகலாம். அபூர்வமாக உள்காதின் அரைவட்டக் குழாயின் மேல் உள்ள எலும்பில் ஒரு சின்னத் திறப்பு இருக்கும், அப்படிப்பட்டவர்களுக்குத் தங்கள் கண் அசைவதே காதில் கேட்கும், பலத்த சத்தத்தில் தலை சுற்றும். இதில் எதையும் பார்க்காமல் நேராக மூளை அலையைத் திருத்தக் கிளம்புவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

சரி, நியூரோஃபீட்பேக்கில் என்னதான் செய்கிறார்கள்? தலையில் இரண்டு மூன்று மின்முனைகளை ஒட்டி இ.இ.ஜி., அதாவது மூளையின் மின் அலைப் பதிவு, எடுக்கிறார்கள். வழக்கமான முறையில் மூளைக்குள் எதுவும் செலுத்தப்படுவதில்லை, வெளியே வருவதை மட்டும் படிக்கிறார்கள். கணினி அந்த அலைகளை வேகவாரியாகப் பிரிக்கும். 4 முதல் 8 ஹெர்ட்ஸ் தீட்டா, 8 முதல் 12 ஆல்ஃபா, அதற்கு மேலே பீட்டா. நல்லது என்று தேர்ந்தெடுத்த அலை கூடும்போது திரையில் படம் தெளிவாக ஓடும், குறைந்தால் மங்கும். எப்படி என்று உங்களுக்கே தெரியாமல் மூளை அதைக் கற்றுக்கொள்ளும் என்பது கணக்கு. இது வெறும் கற்பனையில் பிறந்ததும் அல்ல. 1960களில் கலிஃபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர் பூனைகளுக்கு 12 முதல் 15 ஹெர்ட்ஸ் அலையைக் கூட்டப் பழக்கினார். பிறகு ராக்கெட் எரிபொருளின் நச்சுத்தன்மையைச் சோதித்தபோது, அந்தப் பூனைகளுக்கு வலிப்பு வருவதற்கு மற்றவற்றைவிட அதிக நேரம் பிடித்தது. மையங்கள் இந்தக் கதையை விரும்பிச் சொல்லும், கதை உண்மைதான். ஆனால் பூனையின் வலிப்பிலிருந்து உங்கள் காது வலிக்கு வர வழியில் நிறையத் தாண்ட வேண்டியிருக்கிறது.

நியூரோஃபீட்பேக் அதிகம் ஆராயப்பட்டது குழந்தைகளின் கவனக்குறைவுக்குத்தான். 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 144 குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஒரு குழுவுக்கு அவர்கள் மூளை அலையையே காட்டினார்கள், இன்னொரு குழுவுக்கு வேறு குழந்தைகளிடம் முன்பே பதிவு செய்த அலையை. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி கொடுத்தவர்களுக்கும் தெரியாது. முடிவில் இரண்டு குழுவும் நன்றாகவே முன்னேறின, இரண்டுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தூக்கமின்மைக்கு ஆஸ்திரியாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்விலும் இதே கதிதான், உண்மைப் பயிற்சி போலிப் பயிற்சியைத் தாண்டவில்லை. காதிரைச்சலுக்குச் சிறு ஆய்வுகள் இருக்கின்றன. உங்கள் தொந்தரவுக்கென்று, போலிப் பயிற்சியோடு ஒப்பிட்டுச் செய்த பெரிய ஆய்வு எதுவும் இல்லை. அதனால் 'சரியாகிவிடும்' என்று யார் உறுதி கொடுத்தாலும் அந்த உறுதிக்கு ஆதாரம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், இரண்டு குழுவும் முன்னேறியது. அமைதியான அறை, அக்கறையாகக் கேட்கும் ஒரு ஆள், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அசையாமல் உட்கார்ந்து உடலைத் தளர்த்துவது, சரியாகும் என்ற நம்பிக்கை, இதெல்லாம் சேர்ந்து வேலை செய்கிறது. சத்தத்துக்குப் பயந்து எந்நேரமும் விறைத்திருக்கும் உடம்புக்கு அது சின்ன உதவி அல்ல. ஆனால் அந்த உதவி மூச்சுப் பயிற்சியிலும் தசைத் தளர்வுப் பயிற்சியிலும்கூடக் கிடைக்கும்.

மையத்தில் சொல்லாமல் விடக்கூடிய இரண்டு விஷயங்கள். பல இடங்களில் 'நன்றாகச் செய்தீர்கள்' என்பதற்கான அடையாளமே ஒரு மணிச் சத்தமோ பீப் ஒலியோதான், சத்தம் தாங்காதவரை உட்காரவைத்து அதையே வெகுமதியாகக் கொடுத்தால் எப்படி? படம் மட்டும் போதும், ஒலி வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அடுத்தது தாடை. சத்தத்துக்கு அஞ்சுகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பார்கள், அந்தத் தசையின் மின்சாரம் மூளை அலையைவிடப் பல மடங்கு பலமானது, பீட்டா அலை போலவே பதிவில் ஏறிவிடும். கவனமில்லாத இடத்தில் உங்கள் மூளைக்குப் பதிலாக உங்கள் தாடைக்குத்தான் பயிற்சி நடக்கும். தசை அலையை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், தெளிவாகப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் மேலே பேசுங்கள்.

இனி காதடைப்பான். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது நியூரோஃபீட்பேக் அல்ல, இதுதான். இருட்டறையில் நெடுநேரம் இருந்தவருக்குச் சாதாரண வெயிலே கண்ணைக் கூசுமே, காதும் அப்படித்தான். உள்ளே வரும் ஒலி குறைந்தால் மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல காதுள்ளவர்களே இரண்டு வாரம் காதடைப்பான் போட்டிருந்துவிட்டு எடுத்தபோது அதே சத்தம் முன்பைவிட உரக்கப்பட்டது, இரண்டு வாரம் மெல்லிய இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நேர்மாறாக நடந்தது. ஒலியை வைத்தே செய்யும் சிகிச்சைக்கு இந்தத் தத்துவம்தான் அடிப்படை. இதமான, தாங்கக்கூடிய ஒரு இரைச்சலை நாள்தோறும் பின்னணியில் ஓடவிட்டு, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாகக் கூட்டுவார்கள். அதற்காக இன்றைக்கே காதடைப்பானைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வலி உள்ளவர்கள் அவசரப்பட்டால் பின்னடைவு வரும். துளையிடும் இயந்திரம், வெடி, ஒலிபெருக்கிக்கு அருகே என்றால் யாராக இருந்தாலும் போடத்தான் வேண்டும். வீட்டில் அமைதியான நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிப் பழகுங்கள், அதுவும் ஆடியாலஜிஸ்ட்டின் துணையோடு.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி. 2014இல் ஸ்வீடனில் ஹைபர்அக்யூசிஸ் உள்ள 60 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைவிட அதைப் பெற்றவர்களின் தாங்கும் அளவு கூடியது. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டதல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். மனநலச் சிகிச்சை என்றதும் 'என் வலி பொய் என்கிறார்களா' என்று பலர் நொந்துபோகிறார்கள். உங்கள் வலி நிஜம். சத்தத்தைக் கண்டு தவிர்த்துத் தவிர்த்து வாழ்க்கை சுருங்கியிருக்கிறதே, அதை மறுபடி விரிப்பதற்குத்தான் அந்தச் சிகிச்சை.

இவ்வளவுக்கும் பிறகு கையில் பணமும் மனதில் ஆசையும் இருந்தால் நியூரோஃபீட்பேக்கை முயன்று பாருங்கள். அதற்கு முன் இரண்டு வாரம், குழாயில் தண்ணீர், குழந்தையின் அழுகை, பாத்திரச் சத்தம் மாதிரி அன்றாடம் வரும் நான்கைந்து சத்தங்களுக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் எழுதி வையுங்கள். 10 அமர்வுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், அதுவரைக்கும் புதிதாக வேறு எதையும் ஆரம்பிக்காதீர்கள், அப்புறம் அதே சத்தங்களுக்கு மறுபடி மதிப்பெண் போடுங்கள். எண் அசையவே இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். தலைவலி, களைப்பு, எரிச்சல், தூக்கக் குலைவு சிலருக்கு வரும், பெரும்பாலும் தானே அடங்கும். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை மையத்தில் நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. நாங்கள் மெல்லும் சத்தம் கேட்டாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறான். மற்றபடி எவ்வளவு பலமான சத்தமும் அவனுக்குப் பிரச்சினை இல்லை. திமிர் என்கிறார் அவன் அப்பா. நியூரோஃபீட்பேக் உதவுமா? (ஒரு தாய்)

பதில்: திமிர் இல்லை அம்மா, அவன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் விவரிப்பது மிசோஃபோனியா மாதிரி இருக்கிறது. 2017இல் இங்கிலாந்தில் நடந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் மூளையில் இன்சுலா என்ற பகுதி மற்றவர்களைவிட அதிகமாகத் தூண்டப்பட்டது, இதயத் துடிப்பும் ஏறியது. அவனே வேண்டுமென்று செய்வதல்ல. நெதர்லாந்தில் 54 பேருக்குச் சி.பி.டி. கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரிந்தது, ஆனால் அவர்கள் பெரியவர்கள். நியூரோஃபீட்பேக்குக்கு இதில் அந்த அளவு ஆதாரமும் இல்லை. இன்றைக்கே செய்யக்கூடியது, சாப்பிடும் அறையில் மெல்லிய இசையோ மின்விசிறிச் சத்தமோ ஓடட்டும், முடியாதபோது சண்டையில்லாமல் எழுந்து போக அவனுக்கு அனுமதி கொடுங்கள், அவன் எதிரில் வேண்டுமென்றே மென்று காட்டிப் 'பழக்குவது' மட்டும் வேண்டாம்.

கேள்வி: வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் மூளை அலைப் பட்டை வாங்கினால் போதுமா?

பதில்: நெற்றியில் உட்காரும் பட்டைதான் நெற்றித் தசையையும் கண் சிமிட்டலையும் அதிகமாகப் பிடிக்கும். தியானத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், சத்தம் தாங்காமைக்குச் சிகிச்சை என்று நினைத்து வாங்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு நியூரோஃபீட்பேக்கில்தான் காதுக் கூச்சம் குறைந்தது. முன்பு ஒருமுறை இதே பகுதியில் ஆதாரம் போதாது என்று எழுதினீர்கள். என் அனுபவம் பொய்யா?

பதில்: பொய் இல்லை, குறைந்ததில் எனக்கு மனதார சந்தோஷம். எதனால் குறைந்தது என்பதை ஒருவருடைய அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றுதான் எழுதினேன். இந்தத் தொந்தரவு ஏறி இறங்கும், தாங்கவே முடியாத கட்டத்தில்தான் எல்லோரும் சிகிச்சைக்குப் போகிறோம், அதற்கடுத்த மாதங்கள் எப்படியும் கொஞ்சம் இலகுவாக அமையலாம். உங்களுக்குப் பலன் நிலைக்கிறது என்றால் அமர்வுகளின் இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள், முன்பு தவிர்த்த இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் வாருங்கள். திரும்பக் கூசத் தொடங்கினால் உடனே அடுத்த 40 அமர்வுக்குப் பணம் கட்டாமல், தாங்கும் அளவை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.