"முழிச்சிட்டுதான் இருக்கேன்"

அன்புள்ள ஐயா,

எனக்கு ராயக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். வாராவாரம் ஷிஃப்ட் மாறும். குரூப் 2 தேர்வுக்கும் படிக்கிறேன். இரவு வேலையான சி ஷிஃப்ட் வாரத்தில் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து, எட்டுக்குப் படுத்து, பன்னிரண்டுக்கு அலாரம் வைத்து எழுந்து படிப்பேன். மற்ற வாரங்களில் இரவு பன்னிரண்டுக்குப் படுத்து நாலுக்கு எழுவேன். ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது, இப்போது உடம்பு பழகிவிட்டது. சாதித்தவர்கள் எல்லாரும் நாலு மணி நேரம்தான் தூங்கினார்கள் என்று ஒரு வீடியோவில் கேட்டேன். போன மாதம் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது எங்கள் ஊர் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன், விழப் பார்த்தேன். மற்றபடி ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்கள் இலக்கியம் படிக்கச் சொல்கிறீர்கள். தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடியும். நாவலில் தொடங்குவதா, சிறுகதையில் தொடங்குவதா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தைப் படித்தவன் அந்த வேகத்தடையிலேயே நின்றுவிட்டேன். தினமும் போய்வருகிற பாதை, சொந்த ஊர் முனை, வருடக்கணக்காக அங்கேயே இருக்கிற வேகத்தடை. அது கண்ணில் படவில்லை என்கிறீர்கள். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு "மற்றபடி ஒரு பிரச்சினையும் இல்லை" என்று தாண்டிப் போகிறீர்கள். முதலில் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பயம் வந்தது.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் என் தாய்மாமாவுக்குத் திதி கொடுத்தோம். மாமா லாரி டிரைவர். உங்கள் ராயக்கோட்டை மண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு, தருமபுரி, சேலம் வழியாகக் கேரளா போவார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னை ஏற்றிக்கொண்டார். முந்தைய இரண்டு இரவும் அவர் சரியாகப் படுக்கவில்லை. தக்காளி யாருக்காகவும் காத்திருக்காதே. தருமபுரி தாண்டி ஒரு கடையில் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஏறினார்.

தொப்பூர் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால், நான் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். கண் திறந்திருந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் வரவில்லை. வண்டி அவசரமே இல்லாமல் இடப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. "மாமா!" என்று கத்தினேன். பிரேக்கை மிதித்தார். ஓரத்துக் கல்லில் இடித்து வண்டி நின்றது. கயிறு அறுந்து மேல் வரிசைப் பெட்டிகள் சரிந்து ரோடெல்லாம் தக்காளி. பின்னால் வந்த வண்டிகள் அதன்மேல் ஏறிப்போகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. இறக்கத்தில், இரட்டைப் பாலம் பக்கம் நடந்திருந்தால் உங்களுக்குப் பதில் எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

"தூங்கிட்டியா மாமா?" என்று கேட்டேன்.

"தூங்கலடா. முழிச்சிட்டுதான் இருக்கேன். ஸ்டியரிங் இழுத்துடுச்சு."

கடைசிவரை அதையேதான் சொன்னார். முப்பது வருடம் கழித்து, நோயில் படுத்திருந்தபோதும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, ம. தான் தூங்கியது அவருக்குத் தெரியவே தெரியாது. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் உறங்கிவிடும். அந்த நொடிகள் நினைவில் பதியாது. நினைவில் இல்லாததை ஒருவர் எப்படி ஒப்புக்கொள்வார்?

"உடம்பு பழகிவிட்டது" என்று நீங்கள் எழுதியதும் என் மாமா சொன்னதும் ஒரே வாக்கியம். 2003-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு ஆய்வு வெளிவந்தது. ஆட்களைப் பிரித்து, சிலரை 4 மணி நேரமும் சிலரை 6 மணி நேரமும் சிலரை 8 மணி நேரமும், 14 நாட்கள் தூங்கவிட்டார்கள். குறைவாகத் தூங்கியவர்களின் கவனமும் வேகமும் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போயின. முடிவில், ஒன்றிரண்டு இரவு பொட்டுத் தூக்கம் இல்லாமல் கிடந்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் "எவ்வளவு தூக்கம் வருகிறது?" என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாட்கள் கூடிய களைப்பு அதற்குமேல் பெரிதாகக் கூடவில்லை என்றார்கள். பழகிவிட்டது என்று நினைத்தார்கள். பழகியது தூக்கக் கலக்கம்தான். அளந்து சொல்லவேண்டிய மூளையே கலங்கிக் கிடக்கும்போது அதன் சாட்சியை எப்படி ஏற்பது? நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நீங்கள் சொல்வதை நான் நம்பமாட்டேன். அந்த வேகத்தடை சொன்னதைத்தான் நம்புவேன்.

ஒரு கணக்குப் போடுங்கள். பகல் பன்னிரண்டுக்கு எழுகிறீர்கள். மறுநாள் காலை ஏழு மணிவரை விழிப்பு. 19 மணி நேரம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தாலே கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருடையதைப் போலத் தடுமாறுகின்றன என்று 1997-லேயே அளந்து காட்டினார்கள். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம். குடித்துவிட்டு உங்கள் தம்பி ஸ்கூட்டியை எடுத்தால் சாவியைப் பிடுங்கமாட்டீர்களா?

டீயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். தூக்கத்தைக் கூப்பிடுவது அதுதான். டீயில் இருக்கும் கஃபீன், அடினோசின் போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. கடன் அப்படியேதான் இருக்கிறது, கேட்கவந்தவனை வாசலில் நிறுத்திவைத்திருக்கிறோம். என் மாமா இரண்டு டீ குடித்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் எடை எல்லாவற்றுக்கும் தூக்கத்தோடு தொடர்பு உண்டு. அதையெல்லாம் டாக்டர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வீடியோ ஆசாமியைப் பற்றியும் பேச ஒன்றுமில்லை. குறைந்த தூக்கம் போதும் என்கிற உடல்வாகு மரபணுவிலேயே அமைந்தவர்கள் மிக மிகச் சிலர் உண்டு. நீங்கள் அப்படிப் பிறந்திருந்தால் அலாரம் எதற்கு?

படிப்புக்காகத்தானே இவ்வளவும்? பகலில் படித்ததை மூளை இருத்திவைப்பது தூக்கத்தில்தான். இரவின் முன்பாதியில் ஆழ்ந்த உறக்கம் அதிகம், கனவு வரும் உறக்கம் பின்பாதியில்தான் நீளும். நாலு மணிக்கு எழும்போது அந்தப் பின்பாதியை அப்படியே வெட்டி எறிகிறீர்கள். ஓட்டைக் குடத்தோடு எத்தனை நடை போனாலும் தொட்டி நிறையாது, அம்மா.

நான் பிறந்தது அஞ்செட்டிப் பக்கம். கார்த்திகை, மார்கழியில் கேழ்வரகுக் கதிர் முற்றும்போது யானை வரும். ஊர் ஆண்கள் இரவெல்லாம் பரணில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். விடிந்ததும் அப்பா வந்து ஒரு உருண்டைக் களியைத் தின்றுவிட்டுப் படுப்பார். அதன்பிறகு வீட்டில் பாத்திரம் உருளாது. அம்மா கோழியைக்கூட வாசலுக்கு வரவிடாமல் விரட்டுவாள். சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவாள். கொடுத்த கடனைக் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டு வந்த ஒருவர், "ராக்காவலுக்குப் போனவரா? தூங்கட்டும், சாயங்காலம் வரேன்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். கண்விழிப்பதை அந்த ஊரில் யாரும் பெருமையாகப் பேசியதில்லை. வேறு வழியில்லாமல் விழித்தார்கள். விழித்தவனின் தூக்கத்தை ஊரே சேர்ந்து காத்தது. உங்களை இரவெல்லாம் நிற்கவைத்து வேலை வாங்குகிறவர்களும், வீட்டில் இருக்கிறவர்களும் அந்தக் காவலில் பாதியாவது உங்களுக்குத் தரவேண்டும். கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

சி ஷிஃப்ட் வாரத்தில் படிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அறையை நன்றாக இருட்டாக்குங்கள், வெளிச்சம் பட்டால் உடம்பின் கடிகாரம் பகல் என்றே எடுத்துக்கொள்ளும். போனை அடுத்த அறையில் வையுங்கள். உடம்புக்குத் தேவையான 7 மணி நேரத் தூக்கம் பகலில் ஒரே மூச்சில் வராது, வேலைக்குக் கிளம்புமுன் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் மறுபடி படுங்கள். மற்ற வாரங்களில் நாலு மணி அலாரத்தை எடுத்துவிடுங்கள். அந்த அரை மணி நேரத்தையும் தூக்கத்துக்கே கொடுங்கள், நாவலும் சிறுகதையும் தேர்வு முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சி ஷிஃப்ட் காலைகளில் ஸ்கூட்டியைத் தொடவேண்டாம். பஸ் நிற்கும் இடத்துக்கு அப்பாவோ தம்பியோ வந்து கூட்டிப்போகட்டும். இன்றைக்கே அவர்களிடம் பேசிவிட்டு, யார் வருகிறார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.