வாசிக்கச் சொன்னதும் எழும் சத்தம்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். இரண்டாம் படிவத்தில் 28 பேர். சிலர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், சிலர் மலாய்வழித் தேசியப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். தமிழ்தான் கடைசிப் பாடம். பின்வரிசையில் ஐந்து பையன்கள் மேசையைத் தட்டுகிறார்கள், சினிமா வசனம் பேசுகிறார்கள், வாசிக்கிற பிள்ளையைக் கேலி செய்கிறார்கள். வெளியே நிற்க வைத்தால் சிரித்துக்கொண்டே போகிறார்கள். ஒருவனின் அம்மா, “கண்ண மட்டும் விட்டுட்டு எங்க வேணும்னாலும் அடிங்க டீச்சர்” என்கிறார். ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் இதிலேயே போகிறது. என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

சத்தம் எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரம் அதை மட்டும் குறித்துப் பாருங்கள். மணி என்ன, அப்போது வகுப்பில் என்ன வேலை நடந்தது, முதலில் தொடங்கியது யார் என்ற மூன்று விவரம் போதும். வாய்விட்டு வாசிக்கும் நேரத்திலும் எழுதச் சொன்ன நேரத்திலும் குறிப்புகள் குவிந்தால், வாசிக்கத் தெரியாததை மறைக்கவே அந்தப் பையன்கள் சத்தம் போடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தைப் படிக்கையில் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வலுக்கிறது.

தேசியப் பள்ளியில் படித்த பிள்ளை வீட்டில் தடங்கலில்லாமல் தமிழ் பேசும். ஆனால் ‘கொ’, ‘கௌ’ வந்தால் நின்றுவிடும். மலாய்மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் ரூமியில் ஒலிக்கிற வரிசையிலேயே எழுத்தும் வரும். தமிழிலோ, பின்னால் ஒலிக்கும் உயிருக்கான கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது, கால் பின்னால் போகிறது. பதினான்கு வயதுப் பையன் கூட்டாளிகள் முன்னால் எழுத்துக்கூட்டி வாசிப்பதைவிட, குறும்புக்காரன் என்று பேர் வாங்குவதையே மேலாக நினைப்பான்.

ஐவரையும் தனித்தனியாக, நூலகத்தின் ஒரு மூலையில் வாசிக்க வையுங்கள். தமிழ்ப்பள்ளி நான்காம் ஆண்டுப் பாடநூலிலிருந்து சுமார் 100 சொல்லுள்ள பத்தி, 60 வினாடி. தடுக்கிய எழுத்தை உங்கள் படியில் வட்டமிடுங்கள். ல, ள, ழ உச்சரிப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அது வேறு சிக்கல். பாதிகூடத் தாண்டாதவனை முன்னறிவிப்பில்லாமல் வகுப்பில் வாசிக்கச் சொல்ல வேண்டாம். நாளை அவன் வாசிக்கப்போகும் நான்கு வரியை இன்றே கொடுங்கள். மறுநாள் முதலில் எல்லாரும் இருவர் இருவராகத் தாழ்ந்த குரலில் மூன்று நிமிடம் வாசிக்கட்டும், பிறகு அவனை அழையுங்கள். வாரத்தில் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம், கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசையைத் தனியே சொல்லிக்கொடுங்கள். மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் வேண்டாம்.

இனி வகுப்புக்குள். பல வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்துசேரும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் குழப்பம் வேர்விடுகிறது. அவர்கள் வருமுன் பலகையில் வேலை இருக்கவேண்டும்: ஓர் எழுத்து விடுபட்ட மரபுத்தொடர், கீழே மூன்று பொருள், சரியானதைத் தேர்ந்து எழுத நான்கு நிமிடம். யாராலும் செய்யமுடிந்ததாக இருக்கட்டும். வருகைப் பதிவை அவர்கள் எழுதும்போதே சத்தமில்லாமல் முடித்துவிடலாம்.

ஐவரையும் முன்வரிசைக்குக் கொண்டுவராதீர்கள். திரும்பிப் பார்த்தால் வகுப்பு முழுவதும் அவர்களுக்குப் பார்வையாளர்களாகிவிடும். பிரித்து, நீங்கள் நடக்கும் வழியோரமாக உட்கார வையுங்கள். மேசையைத் தட்டினால் தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். பாடத்தை நிறுத்தாமல் நடந்துபோய்ப் பக்கத்தில் நின்று, புத்தகத்தில் வரியைச் சுட்டுங்கள். நிற்கவில்லையென்றால் அவனுக்கு மட்டும் கேட்கும்படி, “இரண்டாவது பத்தியை எழுதுப்பா, ரெண்டு நிமிஷத்துல வந்து பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு விலகிப்போங்கள். நம்மில் பலர் தவறுவது இங்கேதான். கீழ்ப்படியும் வரை தலைக்கு மேலேயே நிற்கிறோம். கூட்டாளிகள் பார்த்திருக்க அவனால் உடனே பணிய முடியாது. சொன்னபடி இரண்டு நிமிடத்தில் திரும்பிப் போவது முக்கியம். மறந்தால் அடுத்த முறை உங்கள் சொல் எடுபடாது.

கேலி வேறு. வாசிக்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால் அந்த நொடியே, எல்லாருக்கும் கேட்கும்படி நிறுத்துங்கள். இதில் மென்மை கூடாது. ஒரு பிள்ளை கேலிக்குப் பயந்து வாயை மூடினால் மற்றவையும் மூடிக்கொள்ளும்.

வெளியே அனுப்புவதை விட்டுவிடுங்கள். வாசிப்பிலிருந்து தப்பிப்பது அவனுக்குப் பரிசுதான், அதனால்தான் சிரித்துக்கொண்டே போகிறான். பள்ளி முடிந்து நிறுத்திவைப்பதும் தூரத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. பேருந்து காத்திருக்காது.

பிரம்பு உங்கள் கையில் இல்லை. 1959ஆம் ஆண்டுக் கட்டொழுங்கு விதிகள் அந்த அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்கும் அவர் பொறுப்பளித்தவருக்கும் மட்டுமே தருகின்றன. இருந்தாலும் அந்த அம்மாவின் பேச்சில் இருப்பது கவலைதான், அவரை விட்டுவிடாதீர்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறவராக இருந்தால் பகலில் ஓய்ந்து கிடப்பார். மாலை ஆறு மணிக்கு மேல் அழைத்து, “இன்னைக்கு நாலு வரி வாசிச்சான்மா” என்று மட்டும் சொல்லுங்கள். புகாரை இரண்டாவது அழைப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் சொல்லித்தரவேண்டும். இந்த ஐவரும் நான்காம் படிவத்தில் தமிழை விட்டுவிட்டால் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழுக்கு உங்களிடம் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? அவர்களைத் தொல்லையாக எண்ணிக் கழித்துவிட நமக்கு வசதியில்லை.

திங்கட்கிழமை தொடங்கி ஒரு வாரக் குறிப்பை அனுப்புங்கள். வட்டமிட்ட எழுத்துகளையும் சேர்த்து அனுப்பினால், யாருக்கு எந்த வரிசையில் தொடங்குவது என்று சொல்கிறேன்.