வாசகர் பாதியானால் உடனே சந்தா வைக்கலாமா?

முகநூல் வழியாக உங்கள் இணைய இதழுக்கு வந்துகொண்டிருந்த வாசகர்கள் பாதியாகிவிட்டார்கள், எல்லாக் கட்டுரைகளுக்கும் கட்டணம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

அந்தக் கூட்டம் முகநூலின் கையில் இருந்தது. 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளை அது முன்னே கொண்டுவந்தபோது எத்தனையோ செய்தித் தளங்களுக்கு இதே அடி விழுந்தது. அதனால் முதலில் வாசகர்களின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்குங்கள். கேட்கும் பெட்டி உள்ளே நுழைந்ததும் முகத்தில் வந்து மோத வேண்டாம். கட்டுரையின் கடைசிப் பத்திக்குக் கீழே இருக்கட்டும். அதுவரை படித்து இறங்கியவர்தான் நாளைக்குப் பணம் தரக்கூடியவர். என் சிறு இதழில் இப்படிச் சேர்ந்தவர்கள்தான் இன்றும் கூட இருக்கிறார்கள்.

கட்டணம் அப்புறம். நியூயார்க் டைம்ஸே 2011-ல் கதவை முழுக்கச் சாத்தவில்லை. மாதம் 20 கட்டுரைகள் இலவசம், அதற்கு மேல் சந்தா. மறு வருடம்தான் 10 ஆகக் குறைத்தார்கள். அடிக்கடி வருகிறவரிடம் கேட்கிறோம், போகிற போக்கில் எட்டிப் பார்ப்பவரை விரட்டுவதில்லை. சரி, உங்களிடம் மாதம் மூன்று முறைக்கு மேல் வருகிறவர்கள் எத்தனை பேர்? அதைப் பார்த்துச் சொல்லுங்கள், எல்லையை எங்கே வைப்பது என்று பேசுவோம்.