அப்டேட் போட்டால் நான் மாற்றிய செட்டிங்ஸ் போய்விடுமா?

டெபியன், உபுண்டு லினக்ஸில் பொதுவாகப் போகாது. எட்சி ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் ஃபைலை நீங்கள் மாற்றியிருக்கிறீர்களா என்று டிபிகேஜி (பேக்கேஜ்களை நிறுவும் நிரல்) பழைய செக்சம்மோடு, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்ணோடு, ஒப்பிட்டுப் பார்க்கும். நீங்களும் மாற்றி, புதிய பதிப்பிலும் அது மாறியிருந்தால்தான் நிறுத்திக் கேள்வி கேட்கும். வெறுமனே என்டர் தட்டினால் உங்களுடையதே நிற்கும், புதியது பக்கத்திலேயே 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற பின்னொட்டோடு உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் புதியதைப் போடச் சொல்லி 'ஒய்' அடித்துவிட்டீர்களா? சரி, பழையது 'டிபிகேஜி-ஓல்ட்' என்று இருக்கும், எடுத்துக்கொள்ளலாம்.

நான் மூல ஃபைலைத் தொடுவதே இல்லை. சிஸ்டம்டி (பின்னணி சர்வீஸ்களை இயக்கும் நிரல்) சர்வீஸ் என்றால் 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' போதும், உங்கள் மாற்றம் மட்டும் தனி ஃபைலில் போய் உட்காரும். கெர்னல் செட்டிங்ஸை மாற்றும் சிஸ்சிடிஎல்லுக்கு, பெயர் 99 என்று தொடங்கும் தனி ஃபைல். பெயர் வரிசையில் கடைசியாகப் படிக்கப்படுவதுதான் ஜெயிக்கும். வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய விடும் எஸ்எஸ்எச் சர்வரில் மட்டும் தலைகீழ், முதலில் வருவதுதான் செல்லும். அங்கேயும் 99 போட்டுவிட்டு ஒரு மாலை முழுக்க முழித்திருக்கிறேன்.