குழந்தை முகத்தைக் கண்டால் ஏன் மனம் இளகுகிறது? விலங்குகளுக்கும் அப்படித்தானா?

மனிதர்களைப் பொறுத்தவரை எல்லாம் விகிதக் கணக்குதான். விலங்கு நடத்தை ஆய்வாளர் கன்ராட் லோரன்ஸ் 1943-இல் அதற்கு ஒரு பட்டியலே போட்டார்: உடம்புக்குப் பெரிய தலை, மேடான நெற்றி, தாழ்வாக அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டைக் கைகால், தத்தக்கா பித்தக்கா நடை. இவை பூனைக்குட்டியிடம் இருந்தாலும் பொம்மையிடம் இருந்தாலும் நமக்கு ஒன்றுதான்.

சோதித்துப் பாருங்கள். ஒரு வட்டம் வரைந்து, கண்களுக்கு இரண்டு புள்ளிகளை அதன் நடுக்கோட்டுக்குச் சற்று மேலே வையுங்கள். பெரியவர் முகம் போலத் தெரியும். புள்ளிகளை நடுக்கோட்டுக்குக் கீழே இறக்கிக் கொஞ்சம் விலக்கினால் குழந்தை வந்துவிடும். காரணம், மூளையும் மண்டையும் முந்திக்கொண்டு வளர்கின்றன. மூக்கும் தாடையும் பிறகுதான் நீள்கின்றன. பொம்மை வரைபவர்கள் சறுக்கும் இடமும் இதுதான்: கண்ணை மட்டும் ஊதிப் பெரிதாக்குவார்கள். நெற்றியும் கன்னமும் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் முகம் மிரட்டும்.

தானாக உண்ணவோ ஓடவோ முடியாத பிள்ளையைப் பல வருஷம் சுமக்க வேண்டிய இனம் நாம். அந்த முகத்துக்கு இளகியவர்களின் பிள்ளைகளே அதிகம் பிழைத்திருக்கும். அதனால்தானோ என்னவோ, இதற்கு யோசனையே தேவைப்படுவதில்லை: குழந்தை முகத்தைக் கண்டதும் நொடியில் ஏழில் ஒரு பங்குக்குள் கண்ணுக்கு மேலுள்ள மூளைப் பகுதி துலங்குவது பதிவாகியிருக்கிறது. நாய்க்குட்டிப் படங்களை வைத்து 2018-இல் வந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய 6 முதல் 8 வார வயதுக் குட்டிகளே மக்களை அதிகம் கவர்ந்தன. தாய் நாய் பால்குடியை நிறுத்தும் பருவமும் அதுதான்!

விலங்குகள் விஷயத்தில் பலரும் அவசரப்பட்டு நம் கண்ணை அவற்றுக்கு மாட்டிவிடுகிறார்கள். குரங்குகளுக்கு வேண்டுமானால் பார்வை முக்கியம். சில லங்கூர் இனங்களில் தாய் கருப்பாக இருக்கும், குட்டி பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும், கூட்டத்துப் பெண் குரங்குகள் முறைபோட்டுத் தூக்கிக்கொள்ளும். ஆட்டுக்கோ வாசனைதான் எல்லாம். இறந்த குட்டியின் தோலை அநாதைக் குட்டி மேல் போர்த்தினால் தாய் ஆடு பால் கொடுத்துவிடும். ஈனாத பெண் எலி முதலில் குஞ்சுகளைக் கண்டு ஒதுங்கும். ஏறத்தாழ ஒரு வாரம் சேர்த்து வைத்தால், வாயில் கவ்விக் கூட்டுக்குள் சேர்க்கத் தொடங்கும்.

மான்களுக்குக் குரல். பூனைக்குட்டி, சீல் குட்டி, மனிதக் குழந்தை ஆகியவற்றின் அழுகையை ஒலிபெருக்கியில் போட்டபோது தாய் மான்கள் ஓடிவந்தன. ஒரே நிபந்தனை, சுருதி மான்குட்டியின் குரல் எல்லைக்குள் இருக்க வேண்டும்.